இல்லமும் இயந்திரமும்: பல்சக்கரமும் புகைக்குழாயும்

கார் ஒன்றை விலைக்கு வாங்குவது வேறு. அதனைத் தன் கையாலேயே உருவாக்குவது வேறு. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குப் பொறுமையும் கணக்கும் வேண்டும். பொறியியல் பயிலும் நம் இளைஞர் சிலர், பழைய சிறு கார் ஒன்றின் எஞ்சினை எடுத்துக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, மேற்கூரையற்ற, இருவர் அமரும் ரோட்ஸ்டர் ஒன்றைக் கட்ட விரும்புவதாக அறிகிறோம். அவர்கள் வினவுவன இரண்டு: எந்தப் பல்சக்கர விகிதம் ஏற்றது? புகைக்குழாயின் இரைச்சலை அடக்குவது எங்ஙனம்? அவர்தம் பெற்றோர் வினவுவது மூன்றாவது ஒன்று: இதற்குச் செலவிடும் பணம் வீணாகாதா? இம்மூன்று வினாக்களுக்கும் இம்மாதம் விடை காண முயல்வோம். முதலிரண்டும் வெவ்வேறு வினாக்களாகத் தோன்றினும், உண்மையில் அவை ஒரே வினாவின் இரு பக்கங்களே என்பதைப் போகப் போக அறியலாம்.

இவ்வாசை புதியதன்று. இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்பவர் 1957ஆம் ஆண்டில் லோட்டஸ் செவன் எனும் சிறு ரோட்ஸ்டரை வெளியிட்டார். அதனை முழுக் காராகவும் வாங்கலாம். உறுப்புகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். உறுப்புகளாக வாங்குவோருக்கு அந்நாட்டுக் கொள்முதல் வரி இல்லாமையால், எளிய வருவாயினர் பலர் தம் கொட்டகையிலேயே அதனைக் கட்டி முடித்தனர். தொடக்கத்தில் அதிற் பொருத்தப்பட்டது 1,172 கன செண்டிமீட்டர் ஃபோர்டு எஞ்சின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறனே. அந்தச் சிறு ஆற்றலைக் கொண்டே அக்கார் பெரும்புகழ் பெற்றமைக்கு எடைக்குறைவே காரணம்.

தமிழகத்திலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்ததுண்டு. கோயம்புத்தூர் அறிஞர் ஜி.டி. நாயுடு அவர்கள் 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறு பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, 2,000 ரூபாய்க்கு அதனை மக்களுக்கு அளிக்கத் திட்டமிட்டார். அரசின் உரிமம் கிட்டாமையால் அம்முயற்சி தொடரவில்லை. பின்னர் அதே கோவையைச் சேர்ந்த கரிவர்தன் அவர்கள், 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி எனும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். அக்காரிற் பந்தயம் பழகிய இளைஞருள் ஒருவரே, 2005ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகிய நரேன் கார்த்திகேயன். இவ்விருவர் வரலாற்றையும் நம் இளைஞர்கள் நெஞ்சிற் கொள்ள வேண்டும். முன்னவரின் கார் திறமைக் குறைவால் நின்றதன்று. சாலைக்கு வர ஒப்புதல் இன்மையால் நின்றது. பின்னவரின் கார் பந்தயத் தளத்திற்கென்றே கட்டப்பட்டது, ஆதலின் நிலைத்தது. இதன் பொருளை இறுதியிற் காண்போம்.

முதலிற் பல்சக்கரத்தைப் பற்றி நோக்குவோம். எஞ்சின் விரைந்து சுழலும். சக்கரமோ மெல்லச் சுழல வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவதே பல்சக்கரத்தின் பணி. கியர்ப் பெட்டியில் ஒரு விகிதமும், அச்சிலுள்ள கிரௌன்-பினியனில் மற்றொரு விகிதமும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் வருவதே மொத்த விகிதம். மொத்த விகிதம் 4 எனில், எஞ்சின் நான்கு முறை சுழலச் சக்கரம் ஒரு முறை சுழலும்.

எளிய கணக்கு ஒன்று செய்வோம். டயரின் சுற்றளவு 1.7 மீட்டர் என்க. கார் மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும்போது, நிமிடத்திற்கு 1,000 மீட்டர் கடக்கிறது. சக்கரம் ஏறத்தாழ 588 முறை சுழல்கிறது. உயர் கியரில் மொத்த விகிதம் 4 எனில், எஞ்சின் நிமிடத்திற்கு 2,350 முறை சுழலும். விகிதத்தை 5 ஆக்கினால் 2,940 முறை சுழலும். மணிக்கு 80 கிலோமீட்டரில் அவ்வெண்கள் முறையே 3,140 ஆகவும் 3,920 ஆகவும் உயரும். சாலை ஒன்றே, வேகம் ஒன்றே. எஞ்சினின் உழைப்பு மட்டும் நான்கில் ஒரு பங்கு மிகுகிறது.

அங்ஙனமாயின் 4 எனும் விகிதமே எப்போதும் சிறந்ததோ எனின், அன்று. ஏற்றம் என ஒன்று உண்டன்றோ! காரும் அதில் அமர்ந்த இருவரும் சேர்ந்து 700 கிலோ எடை என்க. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் அதனைத் தள்ள ஏறத்தாழ 70 கிலோ விசையும், டயரின் உராய்வுக்கு மேலும் 10 கிலோ விசையும் வேண்டும். எஞ்சினின் முறுக்குவிசை 6 கிலோ-மீட்டர், சக்கரத்தின் ஆரம் 0.27 மீட்டர், இடையில் நேரும் இழப்பு நூற்றுக்குப் பதினைந்து எனக் கொண்டால், 4 எனும் விகிதத்திற் கிடைப்பது 76 கிலோ விசையே. ஆகவே உயர் கியரில் அவ்வேற்றத்தைக் கடக்க இயலாது. மூன்றாம் கியருக்கு இறங்கியே தீர வேண்டும். 5 எனும் விகிதத்திலோ 94 கிலோ கிடைக்கும். உயர் கியரிலேயே ஏறிவிடலாம்.

இவ்விடத்திற்றான் நாம் வாழும் ஊர் குறுக்கிடுகிறது. மட்டாஞ்சேரி கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம். தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு வழியாக எர்ணாகுளம் செல்வோர்க்குப் பாலங்களைத் தவிர வேறு ஏற்றமே இல்லை. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொந்த ஊர் செல்பவர்கள். எவ்வழியாக ஊர் செல்கிறீர்கள் என்பதே பல்சக்கரத்தைத் தீர்மானிக்கும் முதற்கேள்வி.

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்தவர் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிற் பாலக்காடு வழியே செல்வர். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் இயற்கை திறந்துவைத்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். அதன் உயரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 140 மீட்டரே. கடும் ஏற்றம் என்பதே அங்கில்லை. இவ்வழிச் செல்வோர்க்கு 4 எனும் நீண்ட விகிதமே நலம். மதுரை, தேனிப் பக்கத்தவர் 85ஆம் எண் நெடுஞ்சாலையில் மூணாறு, போடிமெட்டு வழியே செல்வர். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் கொண்டையூசி வளைவுகள் ஒருபுறம்; காற்றின் அடர்த்திக் குறைவு மறுபுறம். ஆயிரம் மீட்டர் உயரத்திற்குச் சாதாரண எஞ்சின் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கும். மூணாற்றில் அவ்விழப்பு நூற்றுக்குப் பதினைந்து ஆகும். மேலே கண்ட 94 கிலோ விசை அங்கு 80 ஆகக் குறையும். சமதளத்திற் போதுமென்று தோன்றியது மலையில் விளிம்பில் நிற்கும். தென்காசிப் பக்கத்தவர் கொல்லம் வழியாகவும் புனலூர், ஆரியங்காவு வழியாகவும் செல்வர். அவர்க்கும் மலைச்சாலை உண்டு.

எனினும் ஆண்டுக்கு இருமுறை ஏறும் மலைக்காக ஆண்டு முழுவதும் எஞ்சினை வீணே சுழற்றுவது அறிவுடைமை ஆகாது. மலைக்கு இரண்டாம் மூன்றாம் கியர்கள் இருக்கின்றன. முதற்கியர் 3.5, இரண்டாவது 2.2, மூன்றாவது 1.4, நான்காவது 1, அச்சின் விகிதம் 4 என அமைந்தால், இரண்டாம் கியரில் மொத்த விகிதம் 8.8 ஆகும், மூணாற்றின் உயரத்திலும் அது 140 கிலோ விசை தரும். ஏழடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்திற்கும் அது போதும். ஐந்து கியர்ப் பெட்டி கிடைப்பின் இன்னும் நன்று. மலைக்கு ஏற்ற அச்சு விகிதத்தைக் கொண்டு, ஐந்தாம் கியரை நெடுஞ்சாலைக்கென ஒதுக்கிவிடலாம்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எஞ்சினை எடுத்த பழைய காரைவிட ரோட்ஸ்டர் எடை குறைந்தது. ஆதலின் பழைய காரின் விகிதங்கள் இதற்குத் தேவைக்கு மேல் குறுகியவையாகவே இருக்கும். டயரின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விகிதம் அவ்வளவுக்கு நீளும். வேகமானி குறைத்துக் காட்டும் என்பதையும் மறவற்க. மற்றொன்று, மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்த விரும்புவோர் உளர். அது இலேசானது, ஆனால் உயர் சுழற்சியிலேயே ஆற்றல் தருவது, பெரும்பாலும் பின்னோக்கிச் செல்லும் கியரும் அற்றது. பஜார் சாலையில் எதிரே சரக்கு வண்டி வந்தாற் பின்வாங்க இயலாத காரை என்ன செய்வது?

இனி இரைச்சலைப் பற்றிக் காண்போம். எஞ்சினின் உருளையில் எரிந்த வாயு, வால்வு திறந்தவுடன் அழுத்தத்தோடு வெடித்து வெளிவருகிறது. அவ்வதிர்ச்சியே ஓசை. மூன்று உருளை எஞ்சின் இரு சுழற்சிக்கு மூன்று முறை இவ்வாறு அதிரும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் நொடிக்கு 75 அதிர்ச்சிகள். நான்கு உருளையாயின் 100. இவை அடிவயிற்றில் உணரப்படும் தாழ்ந்த முழக்கங்கள். இவற்றோடு வாயு விரைந்து பாய்வதால் எழும் உயர்ந்த சீறலும் கலந்துவரும்.

இவ்விரண்டையும் ஒரே கருவி அடக்காது. சீறலை அடக்குவது, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை திணித்த சைலன்ஸர். முழக்கத்தை அடக்குவது, வாயு விரிந்து அடங்கும் அறைகளைக் கொண்ட சைலன்ஸர். சூடான வாயுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர் செல்லும். ஆகவே நொடிக்கு 100 அதிர்ச்சி கொண்ட ஒலியின் அலை நீளம் 4.8 மீட்டர். அதன் காற்பகுதியே 1.2 மீட்டர். ரோட்ஸ்டரோ குட்டையான வண்டி. பக்கவாட்டில் ஒரு முழக் குழாயை நீட்டி முடித்துவிட்டு, முழக்கம் அடங்கவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை. குழாயைப் பின்புறம்வரை கொண்டுசென்று, நடுவில் அறைப்பெட்டி ஒன்றும் இறுதியில் இழைப்பெட்டி ஒன்றுமாக இரண்டைத் தொடர்ந்து வைத்தலே முறை. குழாயின் வாய் உடற்பகுதிக்கு வெளியே நீண்டிருத்தல் வேண்டும். இன்றேல், திறந்த காரின் முன்கண்ணாடிக்குப் பின் எழும் சுழற்காற்று நச்சுப்புகையை அமர்ந்திருப்போர் முகத்திற்கே இழுத்துவரும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியன வேறு சில. இணைப்புகளிற் கசிவு இருத்தலாகாது. ஊசிமுனைக் கசிவும் சட்டியில் அடிப்பதுபோல் ஒலிக்கும். குழாயை இரப்பர்த் தாங்கிகளில் தொங்கவிடுதல் வேண்டும். சட்டத்தோடு இறுக முடுக்கினால் தகரப்பலகை முழுவதும் முரசாகிவிடும். காற்று உட்புகும் வாயும் ஓசை எழுப்பும். அதற்கும் பெட்டியிட்ட வடிகட்டி தேவை. கொச்சியின் உப்புக்காற்றும் மழையும் இரும்புத் தகட்டை விரைவில் அரிக்கும். குறுந்தூரமே ஓடும் வண்டியில், எரிந்த வாயுவிலுள்ள நீராவி பெட்டியிலேயே குளிர்ந்து தேங்கும். எனவே துருப்பிடியா எஃகும், அடியில் நீர் வடியச் சிறு துளையும் இன்றியமையாதன.

ஆனால் எல்லாவற்றினும் முதன்மையான சைலன்ஸர் எது தெரியுமா? பல்சக்கரமே! மேலே கண்ட கணக்கை மீண்டும் நோக்குக. 60 கிலோமீட்டர் வேகத்தில் 2,350 முறை சுழலும் எஞ்சினும் 2,940 முறை சுழலும் எஞ்சினும் ஒரே குழாய் வழியே வாயுவைக் கக்கினும், பின்னதே மிகுதியாக இரையும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு குழாயமைப்பிற்கும் ஏதேனும் ஒரு சுழற்சியில் தனி முழக்கம் எழும். அது 2,900இல் எழுமாயின், 5 எனும் விகிதத்தில் நாள்தோறும் நாம் செல்லும் வேகமே அம்முழக்கத்தின் நடுவில் அமைந்துவிடும். 4 எனும் விகிதத்தில் அதனை விட்டு விலகி நிற்கும். ஆகவே குழாயை ஒருவரும் கியரை வேறொருவரும் தனித்தனியே தேர்ந்தெடுத்தல் தவறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கணக்கிடுதல் வேண்டும். முன்னரே நாம் இவ்விரு வினாக்களும் ஒன்றே என்றது இதனாலேயே.

ஓசை மிகுந்தால் ஆற்றல் மிகும் என்னும் நம்பிக்கை இளைஞரிடையே உண்டு. அது பிழை. எஞ்சினின் ஆற்றலில் ஒலியாக வெளியேறுவது மிகச்சிறு துளியே. அதனை அடக்குவதால் இழப்பு நேருவதில்லை. அளவு குறுகிய சைலன்ஸர் வாயுவை நெரிக்குமாயின் அது அளவின் குற்றமேயன்றி அமைதியின் குற்றமன்று.

டெசிபெல் எனும் அளவையையும் அறிந்துகொள்வோம். 10 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். திறந்த வெளியிற் சிறிய ஒலிமூலத்திலிருந்து தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். மட்டாஞ்சேரியின் தெருக்களில் அவ்வாறு குறையாது. பஜார் சாலையின் இருமருங்கும் பழைய பண்டகசாலைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒலி ஒரு சுவரில் மோதி மறுசுவரில் எதிரொலித்துத் தெருவின் நீளத்திற்கும் ஓடும். வெட்டவெளியில் வியப்பூட்டும் முழக்கம் இங்கே தூளியிற் கண்ணயர்ந்த குழந்தையை அலறச் செய்யும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளிற் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரம்பு கட்டியுள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். அங்கு வரம்பு இன்னும் 5 டெசிபெல் குறைவு. கேரள மோட்டார் வாகனத் துறை 2022 பிப்ரவரியில் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ எனும் பெயரில், மாற்றியமைத்த சைலன்ஸர்களைத் தேடிச் சோதனை நடத்தியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி, ஒலி வரம்பை மீறி வண்டி ஓட்டுவோர்க்கு முதன்முறையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்திற்குத் தகுதியிழக்கும்.

இனிப் பெற்றோரின் வினாவிற்கு வருவோம். சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. இதனை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. முற்றிலும் புதிய வண்டியாயின், அதன் மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும். அது தொழிற்சாலைகளுக்கென வகுக்கப்பட்ட வழி. ஒரே ஒரு காரைக் கட்டும் மாணவனின் பணப்பை அதனைத் தாங்காது. ஆகவே பழைய காரை அறுத்துச் சட்டம் மாற்றி, பழைய எண்பலகையை மாட்டிச் சாலையில் ஓட்டலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால், அன்பர்களே, நம்பாதீர்கள். அவ்வண்டியால் விபத்து நேரின் காப்பீடு கைகொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டு ஆண்டுச் சேமிப்பும் காவல் நிலைய முற்றத்தில் துருவேறும்.

அங்ஙனமாயின் இளைஞர்தம் கைகளைக் கட்டிப்போடுவதோ? வேண்டா. சாலைக்குப் பதிலாகத் தளத்தை நோக்குங்கள். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில், கரிவர்தனின் பெயரைத் தாங்கி 2003ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. அதன் நீளம் 2.1 கிலோமீட்டர். கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய கார்களைக் கொண்டுவந்து போட்டியிடும் ஃபார்முலா பாரத் அங்கு நடந்துவந்துள்ளது. பாலக்காட்டு வழியே கொச்சியிலிருந்து ஒரே நாளிற் சென்று சேரும் தூரந்தான். அத்தகைய மாணவர் போட்டிகளிலும் இரைச்சலுக்கு விலக்கில்லை. குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைச் சாய்வில் அளவுமானியை வைத்துச் சோதிப்பர். தாழ்ந்த முழக்கத்தையும் விடாது கணக்கிடும் ‘சி’ அளவையில் 110 டெசிபெல்லுக்கு மேற்பட்டால் கார் களத்தில் இறங்க இயலாது. சும்மா சுழலும்போது 103. விரைவையே வழிபடும் பந்தயக் களமும் அமைதிக்கு வரம்பு கட்டுகிறதெனின், குழந்தைகளும் முதியோரும் உறங்கும் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ?

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. தனியொருவன் செலவிற் சாலைக் கார் கட்டுவதற்குப் பணம் தராதீர்கள். கல்லூரிக் குழுவோடு சேர்ந்து தளத்துக் கார் கட்டுவதற்கு இயன்றதைத் தாருங்கள். அங்கே அவன் கற்கும் கணக்கும், பற்றவைக்கும் கலையும், ஒலியளக்கும் முறையும் நாளை அவனுக்குப் பிழைப்பளிக்கும். இளைஞர்க்குக் கூறுவது: ஓர் இரும்புத்துண்டையும் வெட்டுமுன், டயரின் சுற்றளவு, வண்டியின் எடை, நாள்தோறும் செல்லும் வேகம், ஏறவேண்டிய மலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்நான்கிலிருந்து கியர் பிறக்கும். கியரிலிருந்து சுழற்சி பிறக்கும். சுழற்சியிலிருந்து குழாயின் அளவு பிறக்கும்.

பல மொழியினரும் பல சமயத்தினரும் சில தெருக்களுக்குள் அடுத்தடுத்து வாழும் ஊர் மட்டாஞ்சேரி. இங்கே ஒருவன் வாசலில் எழும் ஓசை பத்து வீட்டு உறக்கத்தைத் தொடும். காரின் திறமை அது கடந்துசென்ற பின் தெருவில் எஞ்சும் அமைதியிலும் விளங்கட்டும்.

அடுத்த இதழிற் பிரேக்குகளைப் பற்றிக் காண்போம்.